வாளை யார் கொடுப்பது?



1945-ம் வருஷம் செப்டம்பர் 12-ந் தேதி சிங்கப்பூர் நகரசபை மண்டபத்தில் ஒரு வைபவம் நடந்தது. மூன்றரை வருஷகாலம் அந்நகரைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியச் சேனை, மவுண்ட்பேட்டன் பிரபுவின் முன்பாக முறைப்படி சரணடைந்தது. அந்த மூன்றரை வருஷத்தில்தான், மலாயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் தமிழ் ஜனங்கள் ஆயிரமாயிரமாய்ச் சயாம் ரயில் பாதையில் மாண்டார்கள். அவர்கள் ஆத்தும இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

பத்திரத்தில் கையெழுத்திட்டவர் தளபதி இத்தாகாக்கி. அவருடைய மேலதிகாரி தெராவுச்சி நோயுற்றுச் சைகோனில் இருந்தார். பிரதிநிதியின் கையெழுத்துச் செல்லும், வைபவமும் முடிந்தது. ஆனாலும் மவுண்ட்பேட்டன் அத்தோடு விடவில்லை. அவ்வருஷம் நவம்பர் 30-ந் தேதி சைகோனில் தெராவுச்சியே தம் வாட்களைத் தம் கையால் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

இதை ஏன் எழுதுகிறேன்? ரிக் லாரிக் கணக்கிலும் வரப்புத் தகராறிலும் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பிகள் நம் பங்கில் உண்டு. கேட்டால், “மாமனிடம் சொல்லியனுப்பிவிட்டேன் சாமி” என்கிறார்கள். மாமன்தான் இங்கே இத்தாகாக்கி! காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி சேசுநாதர் கற்பித்தாரே, ஆளனுப்பும்படியா கற்பித்தார்?

சனிக்கிழமை சாயந்தரம் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்காருவேன். அதற்கு முன் வெள்ளிக்கிழமை முழுதாக இருக்கிறது. அண்ணன் வீடு சைகோன் தூரமில்லை.