எச்சிலும் ஓர் அமானிதம்

வெளிநாட்டில் தொழில் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது என்னைப் பார்க்க வந்தார். தன் உமிழ்நீரை ஒரு குழாயில் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியதாகவும், முன்னோர் எங்கெங்கிருந்து வந்தார்கள் என்று நூற்றுவீதக் கணக்கில் பதில் வந்ததாகவும் சொன்னார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஊர்ல ஒரு முப்பது பேர்ர எச்சில் எடுத்து அனுப்பினா நம்மட பூர்வீகம் தெரிஞ்சிரும் சேர். நீங்க ஒரு சொல் சொன்னாக் காணும். ஆரும் மறுக்க மாட்டாங்க."

அவர் சொன்னது உண்மை. இருபது வருடங்களாக இந்த ஊரில் படிப்பிக்கிறேன். நான் நீட்டும் தாளை வாசிக்காமலே கையெழுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் என்னைத் தடுத்து நிறுத்தியது.

இந்த அறிவியலைக் குறைத்து மதிப்பவன் அல்லன் நான். நம் கலங்களின் இழைமணியில் உள்ள டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. தலைமுறைகளினூடே எப்போதாவது நேரும் சிறு மாற்றங்களை ஒப்பிட்டு, யாருக்கு யார் கிட்டிய உறவு, எப்போது பிரிந்தார்கள் என்று கணிக்கிறார்கள். 1987இல் ரெபேக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், அலன் வில்சன் ஆகியோர் 147 பேரின் இழைமணி டி.என்.ஏ.வை ஆராய்ந்து, இன்றுள்ள மனிதர் எல்லோரதும் தாய்வழி சுமார் 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்றார்கள். நிறத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்போருக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது.

ஆனால் அறிவு நல்லதாயிருந்தால், அதைத் தேடும் வழியும் நல்லதாகிவிடுமா?

ஐக்கிய அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுப்பாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. அவர்களிடையே சீனி வருத்தம் மிக அதிகம். அதற்குக் காரணம் காணலாம் என்ற எதிர்பார்ப்பில் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். 2003இல் அக்குடியைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி அப்பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வேட்டு விளக்கத்தில் கலந்துகொண்டபோதுதான், தம் மக்களின் இரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போயிருப்பது தெரிய வந்தது. மனநோய், உறவுமுறைத் திருமணம், ஆதிக் குடிப்பெயர்வு ஆகியவை பற்றியெல்லாம் அந்த இரத்தத்தைக் கொண்டு ஆராய்ந்திருந்தார்கள். தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அவர்களின் மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய இரத்தமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் வழங்கவும் எஞ்சிய இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கவும் பல்கலைக்கழகம் இணங்கியது.

ஆய்வாளர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கையெழுத்து வாங்கிய படிவத்தின் வாசகம் விரிவானது. பல நோய்களை ஆராய அது இடம் கொடுத்தது. ஆனால் படிவம் சொன்னது ஒன்று, கொடுத்தவர் விளங்கிக்கொண்டது இன்னொன்று. நமக்கு இது புதிய விஷயம் அல்ல. அயல்வீட்டுப் பெண் பத்திரமாக வைக்கச் சொல்லித் தந்த நகையை நம் மகளின் கலியாணத்துக்குப் போட்டுவிட்டு, ஒரு குன்றிமணியும் குறையாமல் திருப்பிக் கொடுத்தாலும் அது அமானித மோசடிதான். நகை குறையவில்லை, நம்பிக்கை குறைந்தது. ஒரு துளி இரத்தத்தில் என்ன நட்டம் என்று கேட்போருக்கும் இதுவே பதில்.

மறுபக்கமும் உண்டு. 1996இல் கொலம்பியா நதிக்கரையில் கெனவிக் என்ற இடத்தில் 8,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. மண்டையோட்டின் வடிவத்தை வைத்து, இவர் பழங்குடியினரின் மூதாதையர் அல்லர் என்றார்கள் சிலர். 2004இல் நீதிமன்றமும் அதை ஆய்வாளரிடமே விட்டது. 2015இல் மரபணுச் சோதனை அவர் அமெரிக்கப் பழங்குடியினருக்கே நெருக்கமானவர் என்று காட்டியது. ஒப்பிடுவதற்குக் கொல்வில் பழங்குடியினர் தாங்களாகவே மாதிரி கொடுத்தார்கள். 2017இல் அந்த எலும்புகளை மண்ணில் அடக்கினார்கள். அங்கே கேள்வி அவர்களுடையதாக இருந்தது.

நம் கேள்வி யாருடையது? 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று எழுதினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து நூல் எழுதினார். பூர்வீகம் என்பது நமக்கு வெறும் ஆவல் அல்ல. அது பிரதிநிதித்துவத்தோடும் நிலத்தோடும் பிணைந்த வழக்கு. முப்பது பேரின் எச்சில் அந்த வழக்கில் யாருடைய கையில் ஆயுதமாகும் என்று யார் அறிவார்?

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் தாயின் குடிதான் பிள்ளையின் குடி. பெருமை பேசும்போது மட்டும் கடல் தாண்டி வந்த தகப்பனைச் சொல்வோம். இழைமணி ஒரு பதிலும் வை நிறமூர்த்தம் வேறொரு பதிலும் சொல்லலாம், இரண்டும் உண்மையாயிருக்கும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடங்கள் உண்டு. இவ்விரண்டு சோதனைகளும் அவற்றில் இரண்டைப் பற்றியே பேசுகின்றன. குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று நம்புகிற நாம், மேன்மையைக் குழாயில் தேடுவது எப்படி?

மாணவர் போன பின் எங்கள் மூத்தம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்ட எச்சிலைத் தாறதுக்கென்ன மனே. அது எங்க போகும்? அதப் பாத்து ஆரு என்னத்தச் சொல்லுவாங்க?" என்றார்.

எழுத்து வாசிக்கத் தெரியாத மூத்தம்மா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாமல் என் சொல்லை அடகு வைத்து முப்பது வீடுகளின் கதவைத் தட்ட எனக்கு உரிமை இல்லை. ஒருவர் கொடுக்கும் மாதிரி, கொடுக்காத அவருடைய சகோதரரைப் பற்றியும் பேசும் என்பதையும் நினைத்தேன்.

மாணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்: மாதிரி எங்கே வைக்கப்படும், எதற்குப் பயன்படும், பிறகு வேண்டாம் என்றால் அழிப்பார்களா, முடிவை முதலில் யார் பார்ப்பார் என்பதையெல்லாம் மூத்தம்மாவுக்கு விளங்கும் தமிழில் எழுதி அனுப்புங்கள். அதை வீடு வீடாக நானே வாசித்துக் காட்டுகிறேன். மறுப்பவரை வற்புறுத்த மாட்டேன்.

அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை. வந்தால் போவேன்.