விராலின் பாசம்

பாசம் என்றாலே புண்ணியம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தஞ்சாவூர் வாய்க்கால்களில் திரியும் விரால் மீனை நினைத்தால் எனக்கு இதில் சந்தேகம் வருகிறது.

1793-ல் பெர்லின் வைத்தியர் ப்ளோக் இதற்குச் சாஸ்திரப் பெயர் வைத்தபோது, 'பாம்புத்தலை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். சுபாவமும் தலைக்கு ஏற்றதுதான். கோரைக்கு நடுவே அசையாமல் கிடக்கும். தவளையோ கெண்டைக் குஞ்சோ எட்டும் தூரத்துக்கு வந்தால் ஒரே பாய்ச்சல். தண்ணீரிலேயே வாழ்ந்தாலும் செவுளை மட்டும் நம்பாது. மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். கோடையில் வாய்க்கால் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த தண்ணீருக்குக் காத்திருக்கும்.

மழைக்காலம் வந்ததும் இந்த வேட்டைக்காரன் சம்சாரியாகிவிடுகிறான். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, ஆழமில்லாத தண்ணீரில் பாசியை விலக்கி வட்டமாக இடம் பண்ணுகின்றன. முட்டைகள் அங்கே மிதக்கும். பொரித்த செந்நிறக் குஞ்சுகள் கும்பலாக மேலே வந்து வந்து போகும். அடியில் பெற்றவர்களின் காவல். கிட்டே எது வந்தாலும் மோதித் துரத்தும்.

அடுத்த மீனின் குஞ்சை விழுங்குவதும் இதே வாய்தான். உடன்பிறந்த குஞ்சுகளுக்குள்ளேயே பெரியது சிறியதைத் தின்னும். வளர்ப்புக் குளங்களில் பருமன் பார்த்துப் பிரித்து விடுவது அதனால்தான். விராலின் பாசம் தன் குஞ்சோடு, சில வாரங்களோடு முடிந்துவிடுகிறது. அதைக் குற்றம் சொல்வானேன்? அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

தூண்டில்காரருக்கு இன்னும் கொஞ்சம் தெரியும். குஞ்சுக் கும்பல் தெரிகிற இடத்தில் தவளையைக் கோத்துத் தத்தவிடுகிறார். பசி இல்லாவிட்டாலும் விரால் பாயும். தவளையைத் துரத்தப் போய் மாட்டிக்கொள்ளும். காவலற்ற குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

அவரும் தம் குழந்தைகளுக்காகத்தான் தூண்டில் போடுகிறார் என்பீர்கள். வாஸ்தவம். பாசத்தைப் பாசத்தோடு வைத்து நிறுத்தால் தராசு எந்தப் பக்கமும் சாயாது. ஆனால், பெற்ற மனம் எப்படிப்பட்டது என்று தெரியாத ஒருவனால் அந்தத் தவளையை அந்த இடத்தில் விட முடியுமா? தெரிந்தவனுக்குத்தானே பொறுப்பு உண்டு?

மீன் தின்ன வேண்டாம் என்று உபதேசிக்க வரவில்லை. குஞ்சோடு திரியும் விராலைச் சில வாரம் விட்டுவைத்தால் போதும். தன் குஞ்சைக் காப்பது விராலுக்கே கைவந்த வித்தை. அடுத்தவன் குஞ்சுக்காகத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருக்க மனுஷனால்தான் முடியும். புண்ணியம் என்ற சொல்லை நான் அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன்.