காய்களும் மனிதர்களும்

மனிதன் எதை விளையாடுகிறான் என்பதிலே, அவன் சக மனிதரை எவ்வாறு நோக்குகிறான் என்பதும் அடங்கியிருக்கிறது. ஆகையால் விளையாட்டைப் பற்றியும் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மேசைமேல் சிறு போர்வீரர் உருவங்களை நிறுத்தி, பகடை உருட்டி, யுத்தம் நடத்தும் ஆட்டம் ஐரோப்பாவில் வளர்ந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வகுத்த போர் ஆட்டத்தைப் பிரஷ்யப் படை தன் அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றது. 1913இல் எச். ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் போருக்கு விதிகள் எழுதினார். மெய்ப்போரைவிட அதுவே மேல் என்றும் வாதித்தார். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. இன்றோ இவ்வாட்டத்துக்கு மேசையும் வேண்டியதில்லை. 2015இல் வெளிவந்த டேபிள்டாப் சிமுலேட்டர் போன்ற கணினி நிரல்களில் பலகை, காய், பகடை யாவும் திரையிலேயே அமைகின்றன. கடல் கடந்து வாழ்வோரும் ஒரே பலகையின் முன் கூடுகின்றனர்.

மேலிருந்து நோக்கிக் காய்களை நகர்த்திப் பழகியவன், உயிருள்ள மனிதரையும் காய்களாகக் காண மாட்டானா? மலையகத்தவராகிய நமக்கு இந்த ஐயம் வெறும் கற்பனையன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம் மக்களை நாடற்றோர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த கைகள் தலைமன்னாரில் கப்பலேறின. ஒரே குடும்பம் இரு நாடுகளாயிற்று.

இக்கொடுமையை விளையாட்டா கற்பித்தது? இல்லை. விளையாட்டில் இருக்கும் நீதிகூட அங்கே இருக்கவில்லை. ஆட்டத்தில் இரு தரப்பாரும் விதிகளை முன்னரே ஒப்புக்கொள்கின்றனர். பகடை இருவருக்கும் பொது. நம் ஆடுபுலி ஆட்டத்தில், இம்முறை புலியாடியவன் மறுமுறை ஆடாக அமர்ந்து, அடைபடுவதும் வெட்டுப்படுவதும் எத்தகையவை என்று அறிந்துகொள்கிறான். 1964இன் மேசையிலோ, நகர்த்தப்பட்ட மக்களுக்கு ஆசனமே இல்லை. நகர்த்தியவர்கள் இடம் மாறி அமரவும் இல்லை. ஆகவே, மேலிருந்து பார்ப்பது மட்டுமே குற்றமாகாது. யாரைப் பற்றி முடிவு செய்யப்படுகிறதோ, அவரை மேசைக்கு அழையாமையே குற்றம்.

திரைமேசையையும் இந்த அளவுகோலாலேயே அளக்கவேண்டும். விலையுயர்ந்த உருவங்களை வாங்க இயலாத தோட்டத்து மாணவனும் இலண்டன் மாணவனுக்கு எதிரே சமமாக அமரலாம் என்பது அதன் வாக்குறுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் வாழ்பவனுக்கு இது சிறிய காரியமன்று. ஆனால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் தொலைபேசி வழியே வந்தபோது, கருவியோ அலைவரிசையோ இன்றிப் பின்தங்கிய பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! கதவு திறந்திருக்கிறது என்கிறார்கள். கதவை அடையும் பாதை எங்கே?

மாணவர் விளையாடட்டும், அதைத் தடுப்பது ஆசிரியரின் வேலையன்று. ஆட்டம் முடிந்ததும் ஒரு கேள்வியை மட்டும் அவர்கள்முன் வைப்போம்: இப்பலகை நமது நாடாக இருந்தால், காயாக நின்றவர் யார்? அவரைக் கேட்டா நகர்த்தினோம்?