டீலோஸின் வெள்ளிக் கிண்ணங்கள்

ஏஜியன் கடல் நடுவே சைக்ளடீஸ் தீவுகள். அவற்றில் மிகச் சிறியவற்றுள் ஒன்றான டீலோஸ், அப்போலோ பிறந்த மண் என்பதால் எல்லாருக்கும் பொதுவானது. கி.மு. 314 வாக்கில் மாசிடோனியத் தளபதி ஒற்றைக்கண் ஆன்டிகோனஸ் அதை ஏதென்ஸின் பிடியிலிருந்து விடுவித்து, தீவுகளை ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்தான். நன்றிக்கு அவன் பெயரில் விழா. பிறகு மகன் டெமெட்ரியஸ் பெயரிலும். ஓராண்டு தந்தைக்கு, மறு ஆண்டு மகனுக்கு என்று முறை. செலவு தீவுகளின் தலையில்.

*

கி.மு. 280களில் கடல் எகிப்தின் தாலமிகள் கைக்கு மாறியது. கூட்டமைப்பு கலையவில்லை; மேலே இருந்த பெயர்தான் மாறியது. தீவுத் தலைவர் என்ற பதவிக்கு அரசன் அனுப்பிய ஆள் வந்தார். அவர் தீவுக்காரரே அல்ல.

அமோர்கோஸை ஒட்டிய நிகூரியாவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. இரண்டாம் தாலமி தன் தந்தைக்கு எடுக்கும் விழாவுக்குத் தீவுகள் சம்மதம் சொல்லும் தீர்மானம் அது. தந்தை நகரங்களுக்கு விடுதலை தந்தார், பழைய சட்டங்களை மீட்டுக் கொடுத்தார், வரிச்சுமையைக் குறைத்தார். அவரைத் தெய்வத்துக்கு நிகராக முதலில் வணங்கியவர்கள் நாங்களே. ஆகவே ஆயிரம் பொற்காசு மதிப்பில் ஒரு கிரீடம்.

வெறும் முகத்துதி என்று தள்ள மனம் வரவில்லை. வரி குறைந்ததை மகன் காதில் விழும்படி கல்லில் வெட்டி வைப்பது, இனி ஏற்றிவிடாதே என்று சொல்வதும்தானே. ஆனால் வரியைக் குறைத்தவருக்குக் கிரீடம் செய்ய ஊர் ஊராக வசூல் நடந்திருக்கிறது. அதையும் மறக்க முடியவில்லை.

*

பின்னர் கோஸ், ஆண்ட்ரோஸ் கடற்போர்கள். ஒற்றைக்கண்ணனின் பேரன் ஆன்டிகோனஸ் கொனாட்டஸ் கை ஓங்கியது. காளைத்தலைச் சிற்பங்களோடு சுமார் 120 மீட்டர் நீளத் தூண்மண்டபம் ஒன்றை டீலோஸில் கட்டினான்.

மண்டபத்தைவிடக் கோயில் கணக்குகளே என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. அரசர்கள் கோயிலில் முதல் போட்டு வைப்பார்கள். வட்டியில் ஆண்டுக்கொரு கிண்ணம், அவர்கள் பெயரில். அதிகாரிகள் அவற்றைக் கல்லில் பட்டியலிட்டார்கள். தாலமி கிண்ணம், ஆன்டிகோனஸ் கிண்ணம், அடுத்தடுத்த வரிகளில். கடலில் மோதிக்கொண்டவர்கள் கணக்கில் அண்டை வீட்டார்.

(அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டிலும் இந்த இருவர் பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. சற்றுத் தள்ளிச் சோழரும் பாண்டியரும்.)

*

கி.மு. 200 வாக்கில் ரோட்ஸ் கூட்டமைப்பை மறுபடி எழுப்பியது. இம்முறை மையம் டீனோஸ். அதற்கும் ஆயுள் குறைவு. கி.மு. 167 வாக்கில் ரோமானியர் டீலோஸை ஏதென்ஸுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். டீலோஸ்காரர்கள் ஊரைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

அவர்கள் அக்கேயா சென்று குடியுரிமை பெற்றார்கள். அந்த உரிமையை வைத்தே, இழந்த சொத்துக்காக ஏதென்ஸ்காரர்கள்மீது வழக்குப் போட்டார்கள். விவகாரம் ரோம்வரை போனது. அக்கேயர் சட்டப்படி செய்த முடிவுகள் செல்லும் என்றது ரோம்.