சில நிமிடத் தோற்றம்

சாமல்பட்டியில் பொழுது புலருமுன் பேருந்துக்குக் காத்து நிற்கும் அந்த இளைஞனைப் பாருங்கள். மடிப்புக் கலையாத சட்டை, அது அண்ணனுடையது. கையிலே சான்றிதழ்கள். கிருஷ்ணகிரியில் வண்டி மாறி, ஒன்பது மணிக்கு ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வாயிலில் நின்றாக வேண்டும். உள்ளே முன்பின் அறியாத மூவர். அவர்கள் முன்னால் சில நிமிடத்தில் அவன் நல்லவனாக, வல்லவனாகத் தோன்றிவிட வேண்டும். தோன்றினால் மாதச் சம்பளம். தோன்றாவிடில் மறுபடியும் கல்குவாரி.

அவனுக்குப் பாடம் சொன்னவன் நான். முந்தின மாலை வந்து கேட்டான்: “ஐயா, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பார்களாம். கல் உடைக்கிறார் என்று சொல்லட்டுமா, சொந்தத் தொழில் என்று சொல்லட்டுமா?”

எனக்கு உடனே விடை வரவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நல்லவிதமாகத் தோன்ற முயல்வதே நடிப்பு, நடிப்பெல்லாம் பொய் என்பாருண்டு. அது விதண்டாவாதம். குளித்துச் செல்வதும், குறித்த நேரத்தில் நிற்பதும், கேள்வியை முழுதும் கேட்டபின் பேசுவதும், தெரியாததைத் தெரியாதென்பதும் வேடமா? எதிரே இருப்பவருக்கு நாம் காட்டும் மரியாதை அது. ஆனால், தொட்டறியாத கடைசல் இயந்திரத்தை ஓராண்டு ஓட்டினேன் என்பது வேறு. அந்தப் பொய் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் விரலைக் கேட்கும். தந்தையின் தொழிலை மறைப்பதோ இன்னும் வேறு. அதனால் எவர் விரலும் போகாது. மறைக்கிறவனின் நெஞ்சுதான் கூனும். அங்கே முதற்குற்றவாளி யார்? விடையளித்தவனா, வேலைக்குத் தொடர்பில்லாததை வினவியவனா?

இந்த வழக்கு நீதிமன்றம் வரை சென்றதுதான். எல்லைக்கு அப்பால், அன்றைய மைசூர் மாநிலக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு மதிப்பெண் வைத்ததை உச்ச நீதிமன்றம் 1964இல், சித்ரலேகா வழக்கில், செல்லுமென்றது. நேர்மையாக நடந்தால் நன்முறையே என்பது அதன் கருத்து. நம் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் நேர்முகத்திற்கு 75 மதிப்பெண் இருந்தது. தலைப்புவாரியாகப் பகுக்காமல் மொத்தமாக அள்ளி வழங்கியதை 1970இல், பெரியகருப்பன் வழக்கில், அதே மன்றம் கண்டித்தது. நம்மவர் ஆட்சியில் நடந்ததென்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிறகு ஸ்ரீநகர் பொறியியற் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. 150இல் 50 நேர்முகத்துக்கு! இரண்டு மூன்று நிமிடமே பேசினர், பெற்றோரையும் ஊரையும் பற்றியே கேட்டனர் என்று மாணவர்கள் முறையிட்டனர். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூடாதென்ற தீர்ப்பு 1980 நவம்பரில் வந்தது. பேச்சை ஒலிப்பதிவு செய்வது நலமென்றும் அது சொன்னது. மத்திய அரசு கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத்தையே 2016 முதல் கைவிட்டது.

தனியார் ஆலை வாயிலுக்குள் இந்தத் தீர்ப்புகள் எத்தனை தூரம் நடந்திருக்கின்றன? அங்கே கேட்பவரின் மனமே சட்டம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பிட்டால், தோற்றத்தின் மயக்கம் குறையும், தேர்வும் செம்மையாகும் என்பது உளவியலாளர் பல்லாண்டு ஆய்ந்து கண்டது. செலவில்லாத சீர்திருத்தம்! ஆயினும் “பார்த்தவுடனே ஆளை எடைபோடுவேன்” என்று மார்தட்டும் மேலாளர் இன்றும் உண்டு. கைரேகை பார்ப்பவனுக்கும் அவருக்கும் வேறுபாடு, அவர் கழுத்துப்பட்டை கட்டியிருக்கிறார் என்பதுதான்.

அவனிடம் நான் சொன்னது இது: “கல் உடைக்கிறார் என்றே சொல். மறைத்தால் வேலை கிடைக்கலாம். அப்படி மறைப்பவனை நான் பழிக்கவும் மாட்டேன். ஆனால் மாலையில் வீடு திரும்பி அவர் முகத்தைப் பார்க்கப் போகிறவன் நீ.” மாதச் சம்பளம் வாங்கும் நான் இப்படிச் சொல்வது எளிது, அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் இரவு வந்தான். அப்பாவைப் பற்றி எவரும் கேட்கவில்லையாம். ஊர் எதுவென்றார்கள்; சாமல்பட்டி என்றானாம். மூவரில் ஒருவர் சிரித்தபடி, “ஊரிலே எந்தப் பக்கம்?” என்றாராம்.

“என்ன சொன்னாய்?” என்றேன்.

“இருக்கிற பக்கத்தைச் சொன்னேன் ஐயா.”

கடிதம் இன்னும் வரவில்லை. சட்டையைத் துவைத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டான்.