காத்திருந்த நேரத்திற்குக் கூலி யார் கொடுப்பது?



ஹம் காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழாவுக்குச் சென்று, இரவில் ஏ2 நெடுஞ்சாலையால் வீடு திரும்பும் எம்மவர் பலர் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். வாகனத் தரிப்பிடங்கள் நிரம்பி, உள்ளே நுழையும் பாதையின் ஓரத்திலும் லொறிகள் வரிசையாக நிற்கும். திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளே சாரதிகள் உறங்குவார்கள். நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிட இடைவேளை, நாளொன்றுக்கு 9 மணித்தியால ஓட்டம், வாரத்தில் இரு நாட்களுக்கு மட்டும் 10 மணித்தியாலம் என்று சட்டம் அவர்களுடைய நேரத்தை எண்ணி வைத்திருக்கிறது.

ஆனால் எதை எண்ணி அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது? மணித்தியாலத்தையா, கிலோமீற்றரையா, ஏற்றுகூலியில் ஒரு பங்கையா? இது கணக்காளருக்குரிய கேள்வி என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். இது அறம் பற்றிய கேள்வி என்பதை எமது சொந்தத் தவறு ஒன்றின் மூலமே கற்றுக்கொண்டோம்.

யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்து, 2009 இன் பின் அகதியாக இங்கு வந்த நாம், இன்று சிறு வியாபாரிகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறோம். அவர்களில் ஒருவர் எம்மவர். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்திறங்கும் மரக்கறிகளை மூன்று லொறிகளில் தமிழ்க் கடைகளுக்கு ஏற்றி இறக்குபவர். "மணிக்கணக்கில குடுத்தால் பெடியன் வழியில நித்திரை கொள்ளுவான் அண்ணை. ஓடின கிலோமீற்றருக்குக் குடுப்பம். உழைக்கிறவனுக்கு அதுதானே நல்லது" என்றார். எமக்கும் அது நியாயமாகவே பட்டது. சட்டத்தைப் புரட்டிப் பாராமலே கிலோமீற்றருக்கு 25 சதம் என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தோம்.

சில மாதங்களின் பின் அந்தச் சாரதி சம்பளத் துண்டுடன் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, செவ்வாய்க்கிழமை கிடங்கு வாசலில நாலு மணித்தியாலம் நிண்டனான். அது இதில எங்க இருக்கு?" என்று கேட்டார். எமது அட்டவணையில் அதற்கு ஒரு கட்டமே இருக்கவில்லை.

அன்றிரவு கணக்குப் பார்த்தோம். எட்டு மணித்தியாலம் ஓடி, ஒரு மணித்தியாலம் ஏற்றி இறக்கி, 560 கிலோமீற்றர் முடித்த நல்ல நாளில் அவருக்கு 140 யூரோ. மணித்தியாலத்துக்கு 15 யூரோ 56 சதம் விழும். கிடங்கில் நான்கு மணித்தியாலம் நின்ற நாளிலும் அவர் வேலையில் இருந்தது அதே ஒன்பது மணித்தியாலம்தான். ஆனால் ஓடியது 280 கிலோமீற்றர், கிடைத்தது 70 யூரோ. மணித்தியாலத்துக்கு 7 யூரோ 78 சதம். ஜேர்மனியில் 2015 இல் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலில் வந்தபோதே அது 8 யூரோ 50 சதம். 2026 ஜனவரியில் இருந்து 13 யூரோ 90 சதம்.

இரண்டு நாட்களுக்கும் இடையில் அவருடைய உழைப்பில் என்ன குறைந்தது? ஒன்றுமில்லை. கிடங்கில் ஆள் பற்றாக்குறை, பாதையில் நெரிசல், வானில் பனி. இவற்றுள் ஒன்றும் அவர் கையில் இல்லை. கிலோமீற்றர்க் கூலி உழைப்பை அளப்பதாகச் சொல்கிறது. உண்மையில் பிறருடைய தாமதத்தின் செலவை உழைப்பவர் தலையில் சுமத்துகிறது. இழந்ததை ஈடுசெய்ய அவரிடம் உள்ள வழி வேகமும் விழிப்பும் மட்டுமே. அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 இலக்க விதி, வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தை உண்டாக்கக்கூடிய வகையில் தூரத்தையோ ஏற்றிய பொருளின் அளவையோ வைத்துச் சாரதிக்குச் சம்பளம் கொடுப்பதைத் தடுக்கிறது. ஜேர்மனியச் சட்டத்திலும் இத்தடை உண்டு. எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரியாமல் ஏற்றி இறக்கக் காத்து நிற்பது வேலை நேரமே என்றும் ஐரோப்பிய விதி கூறுகிறது. அமெரிக்காவில் நெடுந்தூரச் சாரதிகள் பலர் இன்றும் மைல் கணக்கில்தான் சம்பளம் பெறுகிறார்கள்.

பங்கு முறை இதிலும் மேலானதல்லவா என்று சிலர் கேட்கலாம். எமது கரையோரங்களில் பிடிபட்ட மீனைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் என்று பங்கிடும் வழக்கம் உண்டு. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மீன் கரையில் ஏலம் கூறப்படும்போது தொழிலாளியும் அருகில் நின்று விலையைக் காதால் கேட்கிறார். லொறிச் சாரதியோ ஏற்றுகூலி பேசப்படும் இடத்தில் இல்லை. பற்றுச்சீட்டையும் அவர் காண்பதில்லை. முதலாளி வாடிக்கையாளரைப் பிடிக்க விலையைக் குறைத்தால் சாரதியின் சம்பளமும் சேர்ந்து குறைகிறது. கணக்கைக் காட்டாமலும் விலையில் சொல் இல்லாமலும் கொடுக்கும் பங்கு, இலாபத்தில் பங்கல்ல. நட்டத்தில் பங்கு எனலாம்.

பெயரை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. மலையகத் தோட்டங்களில் கொடுப்பது நாட்சம்பளம். ஆனால் குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர். வரட்சியில் செடி துளிர்க்காததற்குப் பறிப்பவர் என்ன செய்வார்?

மணித்தியாலக் கூலியிலும் குறை உண்டு. வேண்டுமென்றே மெதுவாகச் செய்பவர் இருக்கவே செய்வார். முதலாளியின் அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஆனால் லொறி ஓடியதையும் நின்றதையும் அதிலுள்ள பதிவுக்கருவி நிமிடக் கணக்கில் எழுதி வைக்கிறது. அதைவிட முக்கியமானது வேறொன்று. காத்திருப்பின் செலவு முதலாளியைச் சேரும்போதுதான் அதைக் குறைக்க அவர் முயல்வார். கிடங்குடன் நேரம் பேசவும், தாமதத்துக்குக் கட்டணம் கேட்கவும் அவரால் முடியும். சாரதியால் முடியாது. எவரால் மாற்ற முடியுமோ அவரே சுமையையும் ஏற்கவேண்டும் என்பதே இதில் எமக்குத் தெரிந்த நீதி.

2023 மார்ச்சில், டார்ம்ஸ்ராட்டுக்கு அருகே ஏ5 நெடுஞ்சாலையின் கிரேபன்ஹவுசன் தரிப்பிடத்தில், ஒரு போலந்து நிறுவனத்துக்காக ஓடிய சாரதிகள் லொறிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஜோர்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டவர். கொடுபடாத சம்பளத்தையே கேட்டார்கள். ஏப்ரல் இறுதியில் பணம் வந்தது. நிற்கும் லொறியின் செலவு உடையவரைத் தொட்ட பின்னரே வந்தது.

இதை எழுதும்போது எமக்கு வெட்கமாகவும் இருக்கிறது. வந்த புதிதில் நாமே விடியப்புறம் பத்திரிகை போட்டவர்கள். பெட்டிக் கணக்கில்தான் காசு. பனியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்த நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை. 2015 இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோதும் பத்திரிகை போடுபவர்களுக்கு அது முழுமையாகக் கிடைக்க 2018 வரை செல்லவேண்டியிருந்தது. அப்படி நடந்த நாமே மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அந்தக் கட்டத்தை மறந்து அட்டவணை போட்டோம்.

புதிய அட்டவணையில் "காத்திருப்பு" என்று ஒரு கட்டம் சேர்த்து, மணித்தியாலச் சம்பளமாக மாற்றி, முதலாளியிடம் கொண்டுபோனோம். இரண்டு மாதம் அவர் எம்முடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பின்பு கையொப்பமிட்டார். கழிந்த மாதங்களுக்குரிய பணத்தில் ஒரு பகுதியையே கொடுத்தார். மிகுதியைக் கேட்காமலே அந்தத் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த மிகுதி முதலாளியின் கணக்கில் மட்டுமல்ல, எமது கணக்கிலும் நிற்கிறது.

எம்மவர் பலர் இன்று கடையும் உணவகமும் நடத்தி, நாலு பேருக்கு வேலை கொடுக்கும் நிலையில் இருக்கிறார்கள். மகிழ்ச்சியான விடயம். இந்த மாதச் சம்பளக் கணக்கை எழுதும்போது, உங்களிடம் வேலை செய்பவர் உங்களுக்காகக் காத்து நின்ற நேரம் அதில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.