ஒரு பொத்தானுக்கு இத்தனை சீர்வரிசையா?

சார்புகளை (dependencies) இணைத்துத் தரும் ஹில்ட் வைத்து எழுதிய ஆண்ட்ராய்டு ஃபிராக்மென்டை ‘ஃபிராக்மென்ட் சினாரியோ’வில் ஏற்றினால் சோதனை உடனே கிராஷ் ஆகிவிடும். அந்தச் சினாரியோ தரும் வெற்று ஆக்டிவிட்டியில் ஹில்டின் குறி (அனோட்டேஷன்) கிடையாது. குறியிட்ட ஆக்டிவிட்டி ஒன்றைச் சோதனைக்கென்றே நாம் எழுதவேண்டும். நிஜ சர்வருக்குப் பதில் போலித் தரவு வர, ஹில்ட் மாட்யூலையும் மாற்றவேண்டும். ஒரு பொத்தானைப் பார்க்கத்தான் இவ்வளவும்!

கம்போஸில் எழுதிய திரையைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி சுலபமானது. திரையை வரையும் ஃபங்ஷனிடம் ஹில்ட் கொண்டுவரும் வியூமாடலைத் தராதீர்கள். காட்டவேண்டிய நிலை, அழுத்தினால் நடக்கவேண்டியது, இவை போதும். ‘இணையம் இல்லை’ திரையைச் சோதிக்க அந்த நிலையை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. ஹில்டைக் கூப்பிடவே வேண்டாம். ஹில்ட் எல்லாவற்றையும் சரியாக இணைக்கிறதா என்று பார்க்க ஓரிரு முழுச் சோதனைகள் தனியே இருக்கட்டும்.